ஹெட்செட் தேர்வுக் குழுவின் முடிவு

என் ஹெட்செட்டின் இடது பக்கம் செத்துப்போனது எனக்கு உடனே தெரியவில்லை. இடது பக்கத்திலிருந்து வந்த ஒருவன் என்னைச் சுட்டுக் கொன்றான். அடுத்த ஆட்டத்திலும் இடது பக்கத்திலிருந்தே ஒருவன் வந்து சுட்டான். மூன்றாவது முறை ஹெட்செட்டைத் திருப்பி மாட்டிக்கொண்டு ஆடினேன். வலது பக்கத்திலிருந்தும் சுட்டார்கள். பௌதீகத்தில் பட்டம் வாங்கியவள் என்பதால் அதற்கு மேல் சோதனை தேவைப்படவில்லை.

எங்கள் அணியில் ஐந்து பேர். கணினியில் ஆடும் ஆட்டம். இருட்டான கட்டடம் ஒன்றில் எதிரணியின் ஐந்து பேரைத் தேடிப் பிடிக்க வேண்டும். மற்ற நால்வரும் சுடுவார்கள். என் வேலை கேட்பது. காலடிச் சத்தம் எந்தப் பக்கம் வருகிறது, படியில் வருகிறதா, தரையில் வருகிறதா என்று கேட்டுச் சொல்ல வேண்டும். அதனால் என்னைக் ‘காது’ என்று கூப்பிடுவார்கள். நான் பொதுவாக அதிகம் பேசமாட்டேன். ஆட்டத்தில் இடது, வலது, மேலே, பின்னால் என்ற நான்கு சொற்கள் போதும். உலகத்தில் எனக்குப் பொருத்தமான ஒரே வேலை இதுதான் என்று நினைத்திருந்தேன்.

அம்மா அப்படி நினைக்கவில்லை. அக்கா வீட்டுக்காரர் ஒரு தண்ணீர் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறார். அங்கே எனக்கு ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

“வர்ற தண்ணியில என்ன கலந்திருக்குன்னு பார்க்குற வேலை. உட்கார்ந்த இடத்துல வேலை. அங்க யாரும் உன்னைச் சுட மாட்டாங்க” என்றாள் அம்மா.

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். போட்டியில் இரண்டு சுற்று தாண்டினால் மின்விளையாட்டு வாரியம் எங்களை நிரந்தர வீரர்களாகப் பதிவு செய்யும். பதிவு கிடைத்தால் நான் ஆடலாம். கிடைக்காவிட்டால் தண்ணீர்.

வாரியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணினி விளையாட்டுக்கு ஒரு வாரியம் வேண்டும் என்று முடிவானபோது, மற்ற விளையாட்டுகளில் மிச்சமிருந்த அதிகாரிகளைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். இயக்குநர் ஒரு காலத்தில் கயிறு இழுக்கும் போட்டியில் சாம்பியன். அவர் அறையில் மேசையைவிட நீளமான கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தடித்த கயிறு படுத்திருக்கும். துணை இயக்குநர் மேடம் நீளம் தாண்டியவர். அவர் மேசையில் ஒரு சாடி நிறைய மணல் இருக்கும். கடைசியாகத் தாண்டி விழுந்த குழியின் மணல். கோபம் வந்தால் அதில் பேனாவைக் குத்திவைப்பார்.

வாரியத்தின் போட்டிகளில் வாரியம் கொடுத்த கருவியை மட்டுமே பயன்படுத்தலாம். சொந்தக் கருவி கொண்டுவருவது ஒழுங்கீனம். முன்பு யாரோ ஒரு வீரர் சொந்த நாற்காலி கொண்டுவந்தாராம். அது இயக்குநரின் நாற்காலியைவிட நன்றாக இருந்ததாம். அன்றிலிருந்து இந்த விதி. என்னிடம் வீட்டில் நல்ல ஹெட்செட் ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் கேட்கும். அது வீட்டிலேயே இருந்தது.

ஆகவே வேறு ஹெட்செட் கேட்டு அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க் சாப்பாட்டுப் பையை மேசைக்கடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

“என்னம்மா?”

“ஹெட்செட் சார். இடது பக்கம் கேக்கலை.”

“ஒயர் உள்ளது வேணுமா, ஒயர் இல்லாதது வேணுமா?”

எனக்கு ஒயர் உள்ளதுதான் வேண்டும். ஆனால் பின்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர் பேனாவைத் திறந்துகொண்டு என் முகத்தையே பார்த்தார். எனக்குக் காது சூடானது.

“எதுவானாலும் பரவாயில்லை சார்” என்றேன்.

கிளார்க் பேனாவைக் கீழே வைத்தார். அறையில் இருந்த மற்ற இரண்டு கிளார்க்குகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்படிச் சொல்லலாமாம்மா? நீங்க ஒண்ணைக் கேட்டிருந்தா, அது இல்லைன்னு சொல்லிட்டு இன்னொண்ணைக் குடுத்திருப்போம். அஞ்சு நிமிஷ வேலை. எதுவானாலும்னா நாங்கல்ல தேர்வு பண்ணணும்?”

“சரி சார், அப்ப ஒயர் உள்ளதே...”

“சொன்னது சொன்னதுதாம்மா. எழுதியாச்சு.”

அவர் இன்னும் எழுதியிருக்கவில்லை. அதையும் நான் சொல்லவில்லை.

வெளியே கேப்டன் காத்திருந்தாள். எங்கள் அணியில் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிறவள் அவள்தான். விஷயத்தைக் கேட்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அடியே காது! ‘ஒயர்’னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல உனக்கு வாய் வலிக்குதா?”

“ஆள் நின்னாங்கடி.”

“ஆள் நிக்காத ஆபீசு எங்கடி இருக்கு? இரு, இதுக்கு ஒரு குழு போடப் போறாங்க பாரு.”

குழு போட்டார்கள்.

அம்மா ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறாள். நாள் முழுக்க ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?” என்று கேட்பது அவள் வேலை. ஹெட்செட் தேர்வுக் குழு என்று ஒன்று அமைந்திருப்பதைக் கேட்டு அவளுக்குத் தொழில்முறையில் ஆத்திரம் வந்தது.

“ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னு சொல்றவங்க எங்க கடைக்கும் வர்றாங்க. முதல்ல போட்டதையே போட்டு அனுப்பிடுவேன். ரெண்டு நிமிஷம். இதுக்கு எதுக்கு எட்டு பேரு?”

“ஒன்பது பேரும்மா. சுகாதாரப் பிரதிநிதி ஒருத்தரு.”

முதல் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். நீளமான மேசை. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர்ப் பாட்டில். எனக்குச் சுவரோரம் ஒரு ஸ்டூல். இயக்குநர் தாமதமாக வந்து, நின்றுகொண்டே பேச ஆரம்பித்தார்.

“நண்பர்களே, நான் முப்பது வருஷம் கயிறு பிடிச்சவன். கயிறு இல்லாம எவனாவது எதையாவது இழுத்திருக்கானா? மனுஷனுக்கும் மெஷினுக்கும் நடுவுல ஒரு பிடிமானம் வேணும். ஒயர்ங்கிறது வெறும் ஒயர் இல்லை. அது உறவு. இன்னைக்குப் பசங்க எல்லாம் ஏன் கெட்டுப் போறாங்க? பிடிச்சுக்க ஒண்ணும் இல்லை. நான் இந்த விளையாட்டை இதுவரைக்கும் பார்த்ததில்லை. பார்க்கணும்னு அவசியமும் இல்லை. எந்த விளையாட்டா இருந்தாலும் கடைசியில இழுக்கிறதுதான்.”

எல்லோரும் கைதட்டினார்கள். துணை இயக்குநர் மேடம் தட்டவில்லை. அவர் எழுந்தார்.

“இயக்குநர் சார்மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. அதை எல்லா இடத்துலயும் எழுதியே குடுத்திருக்கேன். ஆனா ஒண்ணு சொல்றேன். தரையை விட்டவங்கதான் ஜெயிச்சிருக்காங்க. இந்த வாரியம் ஏன் முன்னேறலை? காலைக் கட்டிப் போட்டிருக்காங்க. யாருன்னு நான் சொல்ல விரும்பலை. முதல் மாடியில இருக்காங்க. ஒயர் இல்லாத ஹெட்செட்ங்கிறது ஒரு ஹெட்செட் இல்லை. அது விடுதலை.”

இதற்கும் எல்லோரும் கைதட்டினார்கள். முன்பு தட்டியவர்களேதான்.

பிறகு இயக்குநர் என் பக்கம் திரும்பி, “வீராங்கனை சொல்லட்டும். பயப்படாதேம்மா” என்றார்.

எழுந்து நின்றேன். “சார், ஒயர் இல்லாததுல சத்தம் வந்து சேர ஒரு சின்னத் தாமதம் இருக்கும். ரொம்பச் சின்னது. கண் இமைக்கிறதைவிடக் குறைவு. அதனால...”

“தாமதமா!” இயக்குநர் மேசையில் அடித்தார். “இந்த வாரியத்துல தாமதமா?”

“கண் இமைக்கிறதைவிடக் குறைவுன்னா, நம்ம ஆபீசுல அதுக்குப் பேரு தாமதம் இல்லை. அவசரம்” என்றார் மேடம்.

தாமதத்தைப் பற்றி ஆராய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. அது இன்னும் கூடவில்லை. கூட்டக் குறிப்பில், ‘வீராங்கனை இரு கருத்துகளையும் வரவேற்று அமர்ந்தார்’ என்று எழுதியிருந்தார்கள். நான் அமர்ந்தது உண்மை.

அதற்குப் பிறகு வாரியம் இரண்டாகப் பிரிந்தது. முதல் மாடி ஒயர் கட்சி. இரண்டாம் மாடி ஒயர்லெஸ் கட்சி. முதல் மாடியில் ஏ.சி. ரிமோட்டை ஒரு கயிற்றில் கட்டிச் சுவரில் ஆணியடித்துவிட்டார்கள். கம்பியில்லாமல் இயங்கும் எதையும் மேசைமேல் வைக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. அதில் கைக்கடிகாரம் அடங்குமா என்று ஒருவர் எழுதிக் கேட்டார். பதில் வரும்வரை அவர் கடிகாரத்தை ஒரு நூலால் சட்டைப் பொத்தானில் கட்டிக்கொண்டு வந்தார்.

இரண்டாம் மாடியில் கொள்கையில் இன்னும் தீவிரமாக இருந்தார்கள். மேடம் எல்லா ஒயர்களையும் பிடுங்கச் சொன்னார். மின்விசிறி நின்றது. விளக்கு அணைந்தது. கோப்புகளை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் படித்தார்கள். மேகம் வந்தால் வேலை நிற்கும். கைபேசிக்குச் சார்ஜ் போட ஒயர் வேண்டும் என்பதால் ஆள் மாற்றி ஆள் கழிப்பறைக்குப் போய் இரகசியமாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். கெட்டில் ஓடாததால் தேநீருக்கு மட்டும் கீழே ஒயர் கட்சிக்கு இறங்கி வருவார்கள். அங்கே கெட்டில் ஓடும். ஆனால் தேயிலையும் சர்க்கரையும் இரண்டாம் மாடி அலமாரியில் இருந்தன. தேநீர் விஷயத்தில் இரு தரப்புக்கும் கடைசிவரை நல்லிணக்கம் இருந்தது.

இதற்கிடையில் நாங்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தோம். நான் வலது பக்கத்தை மட்டும் சொன்னேன். இடது பக்கத்தை அணியில் மற்றவர்கள் செத்துச் செத்துக் கண்டுபிடித்தார்கள்.

முதல் சுற்று நெருங்கியபோது கேட்டுப் பார்க்கும் சோதனை வைத்தார்கள். இரண்டு ஹெட்செட்களும் வந்திருந்தன. கறுப்பில் ஒன்று, ஒயரோடு. வெள்ளையில் ஒன்று, ஒயர் இல்லாமல். கணினி வரவில்லை. அது பயிற்சி அறையின் சொத்து, கூட்ட அறைக்குக் கொண்டுவர முடியாது என்று ஸ்டோர் கீப்பர் சொல்லிவிட்டார். ஸ்டோர் கீப்பர் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வாரியத்தில் எந்தக் கட்சியிலும் சேராதவர் அவர் ஒருவர்தான். பொருள்கள் வெளியே போகக் கூடாது என்பது ஒன்றே அவர் கொள்கை.

இயக்குநர் கறுப்பு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். ஒயரின் நுனி மேசையிலிருந்து கீழே தொங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“ஆகா” என்றார் கடைசியில். “என்ன தெளிவு! ஒரு இரைச்சல் இல்லை. ஒரு கரகரப்பு இல்லை. கேளுங்க, கேளுங்க.”

ஹெட்செட் மேசையைச் சுற்றி வந்தது. ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டு தலையாட்டினார்கள். ஒருவர் பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல் விரலைத் தட்டினார். சுகாதாரப் பிரதிநிதி, “தாழ்ந்த ஒலிகள் ரொம்ப இதமா இருக்கு” என்றார்.

அடுத்து வெள்ளை ஹெட்செட்டை மேடம் மாட்டிக்கொண்டார். வெகுநேரம் கேட்டார்.

“மன்னிக்கணும் சார். உங்களோடது அமைதி. ஆனா இது ஆழமான அமைதி.”

எந்த அமைதி சிறந்தது என்பதில் வாக்குவாதம் நடந்தது. மதிப்பெண் போட்டார்கள். இரண்டுக்கும் சமமாக வந்தது. நான் ஸ்டூலிலிருந்து கையைத் தூக்கினேன். கொஞ்ச நேரம் தூக்கியபடியே இருந்தேன். யாரோ பார்த்தார்கள்.

“சார்... அது எதுலயும் செருகலை.”

இயக்குநர் என்னைக் கனிவோடு பார்த்தார். “அதாம்மா நானும் சொல்றேன். செருகாமலே இவ்வளவுன்னா, செருகினா எப்படி இருக்கும்!”

வெற்றி தோல்வியில்லாமல் விடக் கூடாது என்று களச் சோதனைக்கு உத்தரவானது. வாரியத்தின் பின்பக்க மைதானத்தில் நடந்தது. முதலில் ஒயரின் உறுதி. கறுப்பு ஹெட்செட்டின் தலைப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ள நான்கு பியூன்கள். ஒயர்ப் பக்கத்தில் இயக்குநர் தனியாக. காலணியைக் கழற்றி, குதிகாலைத் தரையில் ஊன்றி, பின்னால் சாய்ந்து, “ஏலோ” என்று ஒரு சத்தம் போட்டார். அவர் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஒயர் அறுந்தது. பியூன்கள் ஒரு பக்கம் விழுந்தார்கள், இயக்குநர் ஒரு பக்கம் விழுந்தார்.

“ஜெயிச்சது யாரு?” என்று கேட்டுக்கொண்டே எழுந்தார்.

அடுத்து மேடம் வெள்ளை ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்து தாண்டினார். புடவையில் தாண்டினார் என்பதைப் பிறகு எல்லோரும் மரியாதையோடு குறிப்பிட்டார்கள். ஹெட்செட் அவருக்கு முன்னால் போய் மணலில் விழுந்தது. அளந்தார்கள். மேடத்தின் பழைய சாதனையைவிட ஒரு சாண் அதிகம். அவர் அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

குழுவின் முடிவு மறுநாள் பலகையில் ஒட்டப்பட்டது. ‘எல்லா வகையிலும் ஒயர் உள்ள ஹெட்செட்டே சிறந்தது எனக் குழு ஒருமனதாகத் தீர்மானிக்கிறது. ஒயர் உள்ள ஹெட்செட் அறுந்துவிட்டபடியால் ஒயர் இல்லாதது வழங்கப்படும்.’

இரண்டு மாடியிலும் இனிப்பு கொடுத்தார்கள்.

பழைய ஹெட்செட்டை ஒப்படைத்தால்தான் புதியது கிடைக்கும். ஒப்படைத்தேன். ஸ்டோர் கீப்பர் வெள்ளை ஹெட்செட்டைத் தட்டி, உள்ளே இருந்த மணலைக் கொட்டிவிட்டுக் கொடுத்தார்.

“சார், டாங்கிள்?”

“எது?”

“இதோட ஒரு சின்னப் பொருள் வரும் சார். விரல் நகம் அளவுக்கு. அதைக் கணினியில செருகணும். அதுலேருந்துதான் சத்தம் இதுக்கு வரும்.”

“ஓ, அதுவா. பீரோவுல பத்திரமா இருக்கு. சின்னப் பொருள் பீரோவுலதாம்மா இருக்கணும். வெளிய போனா தொலைஞ்சிடும்.”

“அது இல்லாம சத்தம் வராதே சார்.”

அவர் உத்தரவை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முழுக்கப் படித்தார். “சத்தம் வரணும்னு இதுல எங்கயும் இல்லையேம்மா. ஹெட்செட் வழங்கணும்னுதான் இருக்கு. வழங்கியாச்சு. டாங்கிள் வேணும்னா தனியா எழுதிக் குடுங்க. ஒயர் உள்ளதா, இல்லாததான்னு தெளிவாக் குறிப்பிடுங்க.”

“டாங்கிளுக்கு ஒயரே கிடையாது சார்.”

“அதைக் குழுல்ல சொல்லணும்?”

கேப்டனிடம் சொன்னேன். அவள் சுவரில் தலையை மெதுவாக முட்டிக்கொண்டாள். “ஒரு காது போச்சேன்னு கேட்கப் போனே. இப்ப ரெண்டும் போச்சா?”

முதல் சுற்று வாரியத்தின் அரங்கில் நடந்தது. இரண்டு அணிகளும் மேடையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். அணிக்குள் பேச ஒவ்வொருவர் முன்னாலும் தனி மைக். எங்களுக்கு மேலே பெரிய திரை. அதில் இரு அணியின் ஆட்களும் எங்கெங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்பது பார்வையாளர்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. முன்வரிசையில் இயக்குநரும் மேடமும், நடுவில் ஒரு நாற்காலி விட்டு.

நான் வெள்ளை ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். மேடம் சொன்னது சரி. ஆழமான அமைதி. ஆட்டம் தொடங்கியது. வரிசையின் மறுகோடியில் கேப்டனின் உதடு அசைந்தது. ‘எங்க? எங்க?’ என்று கேட்கிறாள் என்று புரிந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் நிறைந்த குடுவைகள் வரிசையாகக் கண்முன் வந்தன.

அப்போது ஒரு குரல் கேட்டது. தூரத்திலிருந்து, ஆனால் தெளிவாக.

“இடது! இடது பக்கம் வர்றான் பாரு! மாடிப்படி! இழு! இழு!”

இயக்குநர். வாழ்நாளில் முதல் முறையாக அந்த விளையாட்டைப் பார்க்கிறார். எழுந்து நின்றுவிட்டார். முப்பது வருடப் பழக்கம், அவரால் உட்கார முடியவில்லை. மேடையில் இருந்த மற்ற ஒன்பது பேர் காதிலும் துப்பாக்கி வெடித்துக்கொண்டிருந்தது. அரங்கின் சத்தம் என் ஒருத்திக்குத்தான் கேட்டது.

“இடது. மாடிப்படி” என்றேன்.

கேப்டன் சுட்டாள். விழுந்தான்.

“பின்னாடி! கதவுக்குப் பின்னாடி! ஐயோ, தாண்டு, தாண்டு!” இது மேடம்.

“பின்னால். கதவு” என்றேன். இழு, தாண்டு என்பவற்றை நான் அணிக்குத் தெரிவிக்கவில்லை.

ஜெயித்தோம்.

மறுநாள் பாராட்டுக் கூட்டம். இராத்திரி முழுக்க அந்த வெற்றி என்னை உறுத்தியது. மைக்கை என் கையில் கொடுத்தார்கள்.

“அந்த ஹெட்செட்டுல சத்தமே வரலை” என்றேன். “நான் எதையும் கேக்கலை. இயக்குநர் சாரும் மேடமும் கத்துனதைக் கேட்டுத்தான் சொன்னேன். அப்படி ஜெயிச்சது சரியில்லை.”

கைதட்டல் எழுந்தது. ஓயவே இல்லை. மேடம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எவ்வளவு தன்னடக்கம்” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது மைக்கில் கேட்டது. இயக்குநர் என் தோளில் கை வைத்தார்.

“கேட்டீங்களா? கருவியில ஒண்ணுமே வரலையாம். வழிகாட்டி சொன்னதைக் கேட்டு ஜெயிச்சிருக்கு இந்தப் பொண்ணு! இதைத்தான் நான் ஆரம்பத்துலேருந்து சொல்லிட்டு வர்றேன். சத்தம் போடுற கருவி எதுக்கு? சத்தம் போட நாங்க இருக்கோம்!”

அங்கேயே தீர்மானம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு முதல் எல்லா அணிகளுக்கும் சத்தம் வராத ஹெட்செட் வாங்கப்படும். டாங்கிள்கள் தேவையற்ற உபரிப் பொருளாகக் கருதிக் கழிக்கப்படும்.

நடுவர் ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. எழுந்துபோய் எங்களுடைய ஆட்டத்தைப் பற்றி விசாரித்தார். எதிரணியின் பயிற்சியாளரும் அதே அளவு கத்தியிருக்கிறார், அவர்கள் காதில் விழவில்லை, அவ்வளவுதான் என்று தெரிந்தது. ஆகவே முடிவை மாற்றவில்லை. ஆனால் இரண்டாம் சுற்று வேறு அரங்கில், கண்ணாடி அறைக்குள் நடக்கும் என்று அறிவித்தார்கள். வெளிச் சத்தம் ஊசிமுனை அளவும் உள்ளே வராதாம்.

“பேச வேண்டிய இடத்துல வாயை மூடிக்கிட்டே. மூடிக்க வேண்டிய இடத்துல மைக் பிடிச்சுப் பேசுறே” என்றாள் கேப்டன். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, “நான்னாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். விடு” என்றாள். அவள் சொல்லியிருக்கமாட்டாள். ஆனாலும் ஆறுதலாக இருந்தது.

அம்மா அக்காவுக்குப் போன் செய்து, அந்த நாற்காலி இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் காதில் விழாமல் மெதுவாகத்தான் கேட்டாள். எனக்குக் கேட்டது.

இரண்டாம் சுற்றுக்கு முன்தினம் ஸ்டோருக்குப் போனேன். டாங்கிளை எழுதிக் கேட்டிருந்தேன், என்ன ஆனது என்று பார்க்க. ஸ்டோர் கீப்பர் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

“வந்துட்டீங்களா? உங்க டாங்கிள் தேவையில்லாததுன்னு முடிவாயிடுச்சும்மா. இனிமே இது பீரோவுல இருக்கக் கூடாது.”

ஒரு சின்ன உறையிலிருந்து அதைக் கையில் கொட்டினார். இவ்வளவு நாளும் பார்க்காத பொருள். ஒரு பட்டாணி அளவுகூட இல்லை. வாசல் பக்கத்தில் கழித்த பொருள்கள் போடும் வாளி இருந்தது. பேனா மூடிகள், உடைந்த பூட்டு, என் பழைய ஹெட்செட். அதன்மேல் போட்டார். போட்டுவிட்டுத் தேநீருக்காகக் கீழே போனார்.

எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் எடுக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்க வேண்டியிருக்கும். தீர்மானிக்க ஒரு குழு. வாரியம் கழித்த பொருள் வாரியத்தின் பொருள் ஆகாது. வாரியத்தின் பொருள் இல்லாததைப் பயன்படுத்தினால் ஒழுங்கீனம். இதெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தது.

வராந்தாவில் யாரும் இல்லை. குனிந்தேன். எடுத்தேன். வீடு வரும்வரை விரல்களை மூடியே வைத்திருந்தேன்.

கண்ணாடி அறை குளிராக இருந்தது. வெளியே முன்வரிசையில் இயக்குநர் உட்கார்ந்திருந்தார், மேடம் உட்கார்ந்திருந்தார். இயக்குநர் தொண்டையைச் சரிசெய்துகொள்வது தெரிந்தது. கேட்கவில்லை. இருக்கையைச் சரிசெய்வதுபோல் குனிந்து, கணினியின் பின்பக்கத்தில் டாங்கிளைச் செருகினேன். அது இருப்பதே வெளியே தெரியவில்லை.

ஆட்டம் தொடங்கியது. முதலில் ஒன்றும் இல்லை. அதே ஆழமான அமைதி. மணல் போய் அடைத்திருக்குமோ என்று நினைத்தேன். கண்ணாடிக்கு அப்பால் இயக்குநர் எழுந்துவிட்டார். கயிறு இருப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினார். மீன்தொட்டியில் நாங்கள் இருக்கிறோமா அவர் இருக்கிறாரா என்று தெரியவில்லை.

பிறகு மழை கேட்டது. ஆட்டத்தில் அந்தக் கட்டடத்துக்கு வெளியே எப்போதும் மழை பெய்யும். அதை மறந்தே போயிருந்தேன். வலது காதில் மழை. இடது காதிலும் மழை. அதற்கு நடுவில், இடது பக்கம், ஈரக் காலணியோடு யாரோ மரப்படியில் ஒவ்வொரு படியாக ஏறிவந்தார்கள். கண் இமைக்கிறதைவிடக் குறைந்த தாமதம்தான்.

“இடது!” என்றேன். எனக்கே அந்நியமான சத்தத்தில் சொன்னேன். கேப்டன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு இடது பக்கம் திரும்பினாள்.

பதிவு கிடைத்தது. அட்டை வாங்கிக்கொள்ள அலுவலகத்துக்குப் போனேன். அதே கிளார்க். எனக்குப் பின்னால் இந்த முறை நான்கு பேர் நின்றிருந்தார்கள்.

“வாழ்த்துகள்மா. நிரந்தர வீராங்கனைக்கு ஒரு மவுஸ் உண்டு. எது வேணும்? ஒயர் உள்ளதா, ஒயர் இல்லாததா?”

எனக்கு ஒயர் உள்ளதுதான் வேண்டும். அவர் கண்ணையே பார்த்தேன்.

“ஒயர் இல்லாதது” என்றேன். “ஒயர் இல்லாதது மட்டும்தான் சார் வேணும்.”

“அது இல்லைம்மா” என்று முத்திரையைக் குத்தி, ஒயர் உள்ள மவுஸை எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. “பார்த்தீங்களா, எவ்வளவு சீக்கிரம் முடிஞ்சுது!”